ரெண்டு பக்கமும் மூடி போட்ட பைப்பு

பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிடுவது என்று அருள்நாதன் முடிவு செய்தார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி அவர் முடிவு செய்வது இது முதல் தடவை அல்ல. நிறைவேறினால்தான் முதல் தடவை.

காரியம் பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டியில் கிடக்கும் பில்லியர்ட்ஸ் குச்சியை விற்க வேண்டும். விற்ற காசில் ஒரு மொபெட் வாங்க வேண்டும். அந்த மொபெட்டில் பக்கத்து ஊரான இண்டூருக்குப் போக வேண்டும். மச்சான் ஜோ வீட்டு வாசலில் மூன்று தடவை ஹாரன் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு, நிற்காமல் வந்துவிட வேண்டும். சில பேர் இமயமலை ஏறவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அருள்நாதனுக்கு இதுதான் இமயமலை.

ஜோ என்பவன் அவர் மனைவி ராஜமேரியின் தம்பி. கோயிலில் வைத்த பேர் ஜோசப். பேரைச் சுருக்கிக்கொண்டவன், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கத்தையும் சேர்த்தே சுருக்கிவிட்டான். "ரெண்டு நாளைக்கு மாமா" என்று அருள்நாதனின் மொபெட்டை வாங்கிப் போனான். அந்த ரெண்டு நாள் மூன்று வருஷமாகியும் முடியவில்லை. கேட்டால் ராஜமேரி சொல்லுவாள்: "எந்தம்பி என்ன அதத் தின்னுட்டானா? ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கான்."

ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். அருள்நாதன் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும்போது, அவருடைய சொந்த மொபெட் பால் கேன்களைச் சுமந்துகொண்டு அவரை முந்திப் போகும். ஜோ மரியாதை தெரிந்த பையன். ஓட்டிக்கொண்டே கையாட்டுவான்.

இப்போது குச்சி. அருள்நாதன் பெங்களூரில் ஒரு கிளப்பில் இருபது வருஷம் மார்க்கராக இருந்தார். பில்லியர்ட்ஸ் மேஜையில் பந்து அடுக்கிக் கொடுத்து, பாயிண்ட் சொல்லுகிற உத்தியோகம். அடுத்தவன் ஜெயிப்பதைச் சத்தமாகச் சொல்லச் சம்பளம். அங்கே ஆட வந்த அமெரிக்காக்காரர் ஒருத்தர் ஊருக்குத் திரும்பும்போது தன் குச்சியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கையாலேயே கடைந்த குச்சி. கைப்பிடியில் கருங்காலி மரம், அதில் முத்துச்சிப்பித் துண்டுகள். நடுவில் திருகினால் இரண்டாகப் பிரியும். அடியில் செய்தவனின் கையெழுத்து. கிளப்பில் பெரிய பெரிய மனிதர்களெல்லாம் அதைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கு வந்ததும் அதற்குக் கிடைத்த மரியாதை வேறு. ஜோவின் மகனுக்குக் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை கொடுத்த அன்று, விருந்துப் பந்தலில் திரை தொங்கவிடக் கம்பி இல்லையென்று ராஜமேரி அதை எடுத்துக் கட்டிவிட்டாள். அமெரிக்கக் குச்சியில் பூப்போட்ட சேலை தொங்கியது. அந்தக் கோபத்தில் அருள்நாதன் அன்றைக்குப் பிரியாணியே சாப்பிடவில்லை. அதாவது, மூன்றாவது தடவை வாங்கவில்லை.

அப்படிப்பட்ட குச்சிக்கு மும்பையில் ஆள் கிடைத்தது. பழைய கிளப் சிநேகிதன் கோவிந்தன்தான் சொன்னான். மாட்டுங்காவில் ஒரு தமிழர், இந்த மாதிரிக் குச்சிகளைச் சேர்த்துச் சுவரெல்லாம் மாட்டி வைத்திருக்கிறாராம். போட்டோ கேட்டார். அருள்நாதனிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ராஜமேரி போனை வைத்துவிட்டு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, அவள் போனில் எடுத்து அனுப்பினார். முதல் மூன்று படங்களில் அவருடைய கட்டைவிரல் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. நான்காவதில் குச்சி வந்தது. உடனே மாட்டுங்காக்காரரே கூப்பிட்டுவிட்டார்.

"குச்சி வளையலியே?"

"இல்லீங்க. பெரிய மாதா படத்த எறக்கி, கண்ணாடி மேல உருட்டிப் பாத்தேன். ஆடாம உருளுதுங்க."

"நல்லது. அனுப்பறதுலதான் விஷயமே இருக்கு. ரெண்டாப் பிரிச்சு, தனித்தனியா துணி சுத்துங்க. ரெண்டு இஞ்ச் பிவிசி பைப்புக்குள்ள வச்சு, ரெண்டு பக்கமும் மூடி போடுங்க. உள்ள ஆடவே கூடாது. போன வருஷம் ஒருத்தர் அட்டைப்பெட்டியில அனுப்பினார். அடுப்பு பத்தவைக்கிற அளவுக்குத் துண்டு துண்டா வந்து சேர்ந்தது."

அருள்நாதன், அவர் சொன்ன விலை உட்பட எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். போட்டோவை அழித்தார். நம்பரை அழித்தார். கூப்பிட்டதையும் அழித்தார். போனைத் துண்டால் துடைத்துக்கூட வைத்தார்.

மறுநாள் கொரியர் ஆபீசில் விசாரித்தார். "எதுவா இருந்தாலும் மொதல்ல சேலம் போவும் சார், தொப்பூர் வழியா" என்றது அங்கிருந்த பெண். தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்வது அருள்நாதன் வீட்டில் பால் பொங்குவதைவிடச் சாதாரணம். பைப் இல்லாமல் முடியாது.

ஹார்டுவேர் கடையில் மூன்றடி பைப் கேட்டார்.

"வெட்டிக் குடுக்க மாட்டோம் பெரியவரே. பத்தடி லென்த்து எடுத்துக்குங்க."

"எனக்கு மூணடி போதுமே."

"மீதி ஏழடிய நான் என்ன பண்றது? தலைக்கு வச்சுப் படுக்கறதா?"

பத்தடி பைப்பைப் பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ரகசியமாக ஒரு காரியம் செய்கிறவன் பத்தடிப் பொருளைத் தோளில் வைத்து ரோட்டில் நடப்பது அவ்வளவு உசிதமில்லை. வழியில் எல்லாரும் விசாரித்தார்கள். வீட்டு வாசலில் ராஜமேரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏங்க, என்னங்க இது?"

"ஏனூ இல்ல."

ஒன்றுமில்லை என்று கன்னடத்தில் சொன்னார். பெங்களூர் வாசம் கொடுத்த வியாதி. பொய் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். இது ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். துரதிர்ஷ்டம், அந்த ஒருத்தி ராஜமேரி.

"பத்தடி நீளத்துக்கு ஒண்ணுமில்லியா?"

"அது... உனக்குத்தான் மேரி. சமையக்கட்டுத் தண்ணி வெளிய போவ வழியில்லாம, நீ பக்கெட்டுல மோந்து மோந்து ஊத்தறியே. மனசு கேக்கல."

ராஜமேரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"பையில என்ன?"

"மூடி."

"ரெண்டு மூடியா?"

"ஒண்ணு ஸ்பேரு."

"ஸ்பேரா? சரி."

ராஜமேரி கத்தினால் பயப்பட வேண்டியதில்லை. "சரி" என்றால்தான் பயப்பட வேண்டும். அவர் கைகால் கழுவி வருவதற்குள் பிளம்பர் முனிராஜ் வந்துவிட்டான். சாயங்காலத்துக்குள் சமையலறைக் கழிவுத் தண்ணி வாழைமரத்துக்குப் பாய்ந்தது. மூடி இரண்டையும் ராஜமேரி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மீந்த துண்டாவது கிடைக்குமா என்று முனிராஜை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அதயா மாமா? அக்கா அத நெடுக்குவாக்குல பொளக்கச் சொல்லிருச்சு. கோழிக்குத் தண்ணி வைக்கவாம்."

கோழிகள் பிவிசியில் தண்ணீர் குடித்தன. அருள்நாதன் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு வாரம் போனது. மாட்டுங்காக்காரர் கோவிந்தனை நச்சரித்தார், கோவிந்தன் இவரை நச்சரித்தான். அருள்நாதன் இன்னொரு பைப் வாங்கினார். இந்தத் தடவை புத்தியைச் செலவழித்தார். செவ்வாய்க்கிழமை, மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் நேரம். ரோட்டை விட்டுவிட்டு, கேழ்வரகுக் கொல்லை வரப்பு வழியாகக் குனிந்து குனிந்து வந்து, கொல்லைப்புறமாக நுழைந்தார்.

கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் உட்கார்ந்து முனிராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் சாமான் பை இருந்தது.

"வாங்க மாமா. லேட்டாயிருச்சே" என்றான்.

ராஜமேரி வெளியே வந்தாள். "கெணத்துல இருந்து மாடி டேங்குக்குத்தானேங்க இது?"

"ஏனூ... ஆமா."

"நான் சொல்லல முனிராஜ்? வாய் தொறந்து சொல்லமாட்டாரு. ஆனா மனசுல இருக்கும். எத்தன வருசமா நான் கயிறு இழுக்கறேன்னு பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காரு."

"தங்கமான மனுசன் அக்கா."

"ஆனா பத்தடி பத்தாதே?"

"இன்னும் மூணு லென்த்து, நாலு எல்போ, ஒரு வால்வு வேணும்க்கா."

"வாங்கியாந்துருவாரு."

வாங்கி வந்தார். ஒரு பைப்பை வீட்டுக்குத் தெரியாமல் கொண்டுவரப் போனவர், மூன்றை வீட்டுக்குத் தெரிந்தே சுமந்தார். கிணற்றிலிருந்து மாடிக்குப் பைப் ஏறியது. மாடியிலிருந்து சமையலறைக்குக் குழாய் இறங்கியது. மோட்டார் மட்டும் இல்லை. இருந்த மோட்டார் புகைந்து போய்ப் பல காலம் ஆகிறது. ஆகவே இவ்வளவு பைப்பும் சும்மா காற்று வாங்கிக்கொண்டு நின்றது. அருள்நாதனுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். தன்னைப் போலவே அதற்கும் காரியம் நடக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் காலையில் அவருக்கு ஞானோதயம் வந்தது. பைப் எதற்கு? இரண்டு வேட்டியைச் சுற்றி, குச்சியைக் கையோடு ரயிலில் மாட்டுங்காவுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் என்ன? வேளாங்கண்ணிக்குப் போகிறேன் என்று சொன்னால் ராஜமேரி தடுக்கவா போகிறாள்? இவ்வளவு நல்ல யோசனை இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

பெட்டியில் தென்னந்துடைப்பத்தின் கைப்பிடிக் கட்டை ஒன்று, அவருடைய பழைய லுங்கியில் பத்திரமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

"மேரி!"

பதிலுக்கு வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. அவர் நன்றாக அறிந்த சத்தம். ஜோ வந்து இறங்கினான். மொபெட்டின் முன்னால், பால் கேன் வைக்கும் இடத்தில், பளபளவென்று ஒரு புது மோட்டார் உட்கார்ந்திருந்தது.

"மாமா, நல்லாருக்கீங்களா? அக்கா, இதோ கொண்டாந்துட்டேன்."

"பாத்துத் தூக்குடா" என்றபடி ராஜமேரி வந்தாள்.

"மேரி, பெட்டியில இருந்த என் குச்சி எங்க?"

"மாட்டுங்கா போயிருச்சுங்க."

"என்னது?"

"பத்தரமாப் போய்ச் சேந்துருச்சு. நேத்து அந்த சார் போன் பண்ணுனாரு. கீறல்கூட இல்லியாம். நல்ல மனுசன். ஆனா நீங்க ஒத்துக்கிட்ட வெலைக்கு நான் ஒத்துக்கல. முத்துச்சிப்பி பதிச்சது, கீழ கையெழுத்து வேற போட்டிருக்குது, சும்மாவா குடுக்க முடியும்னேன். ஏத்திக் குடுத்தாரு."

அருள்நாதன் பக்கத்தில் இருந்த உரலில் உட்கார்ந்தார்.

"உனக்கு எப்பிடி...?"

"நீங்க அவரு நம்பர அழிச்சீங்க. அவரு என் நம்பர அழிக்கலியே. மொதப் பைப்பு போட்ட மறுநாளே கூப்புட்டு, 'சார் இன்னும் பேக் பண்ணலியா'ன்னு கேட்டாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. முனிராஜ்கிட்ட டேங்குக்குப் போட்டு மீந்த பைப்புல மூணடி வெட்டச் சொல்லி, நானே சுத்தி வச்சு, கொரியர் போடச் சொல்லி ஜோகிட்ட குடுத்துவுட்டேன்."

"தொப்பூர்ல உருண்டாலும் ஒண்ணும் ஆவாது மாமா. உதறிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்" என்றான் ஜோ.

"உள்ள ஆடக்கூடாதுன்னாரே. எதச் சுத்துன?"

"உங்க கல்யாண வேட்டி. அதுதான் மெத்துனு இருந்துச்சு."

அருள்நாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப அவரு போன் பண்ணித்தான் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அதுவரைக்குமாவது ஏமாற்றினோம் என்று ஒரு மார்க் போட்டுக்கொள்ளலாம் அல்லவா.

"அதுக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு மூடி வாங்கியாந்தீங்க பாருங்க, அப்பவே. ரெண்டு பக்கமும் மூடி போட்ட பைப்புல எந்த வூட்டுலங்க தண்ணி போவும்?"

அருள்நாதன் கடைசி முயற்சியாக வாயைத் திறந்தார். "அந்தக் காசுல நான் ஒரு மொபெட்டு..."

"மொபெட்டு எதுக்குங்க? அதான் ஜோகிட்ட ஒண்ணு இருக்குதே. எங்கியாச்சும் போவணும்னா கேட்டு வாங்கிக்குங்க. ரெண்டு நாளைக்கு."

முனிராஜ் வந்து மோட்டாரைப் பொருத்தினான். ராஜமேரி சமையலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, சுவிட்ச நீங்கதான் போடணும். பைப்பு உங்களுது, குச்சி உங்களுது. டேங்கு நெறைஞ்சு வழிஞ்சா உடனே அமத்தணும். அதனால அங்கியே நில்லுங்க. இனிமே தெனமும் அதுதான் உங்க வேல."

சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. பைப் ஒரு குலுக்குக் குலுங்கி, இருமி, கடைசியில் குழாயில் தண்ணீர் கொட்டியது. ராஜமேரி இரண்டு கையையும் அதில் நீட்டிக்கொண்டு நின்றாள். கயிறு அறுத்த தழும்பு போட்ட கைகள். ஒரு பேச்சும் பேசவில்லை. அவள் பேசாமல் நிற்பதை அருள்நாதன் இப்போதுதான் பார்க்கிறார். கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

"என்ன மாமா, ஒரு மாதிரி நிக்கறீங்க?" என்றான் ஜோ, மொபெட்டைத் திருப்பிக்கொண்டே.

"ஏனூ இல்ல" என்றார்.

டேங்க் இன்னும் நிறையவில்லை. விரலைச் சுவிட்சின் மேல் வைத்தபடி நின்றார். ஜோ மொபெட்டைக் கிளப்பினான். வாசல் தாண்டும்போது மூன்று தடவை ஹாரன் அடித்தான்.

நிற்கவில்லை.