சனிக்கிழமைக்கு ஓர் அப்பா அம்மா

“அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஒண்ணா வரணும் பெரியவரே. சனிக்கிழமை காலையில,” என்று சொல்லிவிட்டு டீச்சர் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எல்லப்பன் கேட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

இரண்டு பேரும் வர வேண்டும் என்றால் போதாதா? அது என்ன ‘ஒண்ணா’? யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

பேத்தி கலைமதி ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி திறக்கும் முன்பே பெற்றோரை உட்கார வைத்து, பிள்ளையை எப்படித் தயார் செய்வது என்று சொல்லித்தரப் போகிறார்களாம். எல்லப்பனின் காலத்தில் பிள்ளைதான் பள்ளிக்கூடம் போகும். பெற்றவர்கள் வயலுக்குப் போவார்கள். அதையெல்லாம் அவர் பெரிதுபடுத்தவில்லை. அவரை அரித்தது வேறு விஷயம்.

மகன் வசந்தகுமாருக்கு ஒரகடத்தில் லாரி உதிரிபாகக் கம்பெனியில் நைட் ஷிப்ட். மருமகள் சசிரேகாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனியில் பகல் ஷிப்ட். அவன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் பஸ் ஏறுவாள். இருவரும் சேர்ந்து சாப்பிட்டு அவர் பார்த்துப் பல மாதமாகிறது. பேசிக்கொண்டும் பார்க்கவில்லை. அவன் படுத்து எழுந்த பாயை அவள் வந்து சுருட்டி வைப்பாள். அவ்வளவுதான் குடித்தனம். இது வெறும் ஷிப்ட் விவகாரம்தானா, இல்லை உள்ளுக்குள் வேறு ஏதாவதா?

நாலு தலைமுறையாக அந்த வீட்டுக்கு வாழவந்த எந்தப் பெண்ணும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனதில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் எல்லப்பனின் அப்பாவிடம்தான் வந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட வீட்டைப் பார்த்து ஒரு டீச்சர் ‘ஒண்ணா வரணும்’ என்று சொல்வதா?

மாலையில் மகன் தூங்கி எழுந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

“சனிக்கிழமையா? நைட் முடிச்சி அப்டியே ஓ.டி. பாக்கணும்பா. அவளுக்கும் லீவு கிடைக்காது. அத நாங்க பாத்துக்கிறோம் வுடு,” என்று வசந்தகுமார் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்.

பார்த்துக்கொள்கிறானாம். இருவருக்கும் லீவு இல்லை என்கிறான், எப்படிப் பார்த்துக்கொள்வான்? ஒன்றாகப் போய் உட்கார மனமில்லாமல் தட்டிக்கழிக்கிறான் என்று எல்லப்பனுக்குத் தோன்றியது.

மருமகளிடம் கேட்கலாம் என்றால் அந்த வீட்டில் மாமனார் மருமகளோடு நேருக்கு நேர் பேசும் வழக்கமில்லை. இடையில் ஓர் ஆள் வேண்டும். மாமியார் காலமான பிறகு அந்த வேலை கலைமதிக்கு வந்திருந்தது. காபி வேண்டும் என்பதிலிருந்து கரண்ட் பில் வரை எல்லாம் அந்த ஐந்து வயது வாய் வழியாகத்தான் போய் வரும்.

வெள்ளிக்கிழமை சந்தேகம் முற்றியது. நன்றாக இருட்டிய பிறகு கிளம்ப வேண்டிய மகன், வெயில் இறங்கும் முன்பே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கேட்டால் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றான். அன்று பார்த்து மருமகள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். கம்பெனி பஸ்ஸில் வரவில்லை, ஷேர் ஆட்டோவில் வந்திறங்கினாள். தலையில் புதிதாக மல்லிகைப் பூ. கையில் பேக்கரிப் பொட்டலம். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

கம்பெனி லைனில் மல்லிகைப் பூவா விற்கிறார்கள்? புருஷன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஒருத்திக்கு என்ன சிரிப்பு? எல்லப்பன் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கவலை பெருகியது.

சற்று நேரத்தில் கலைமதி வாயில் கேக்கோடு ஓடி வந்தாள். “தாத்தா, நாளிக்கு நீ ஸ்கூலுக்குலாம் வர வாணாமாம். அம்மா சொல்ச்சி.”

எல்லப்பனுக்கு முதுகு இன்னும் நிமிர்ந்தது. தாங்களும் போகமாட்டார்கள், அவரையும் போகவேண்டாம் என்பார்கள். அப்பனும் வரவில்லை, ஆத்தாளும் வரவில்லை, கிழவனும் வரவில்லை என்றால் ஊர் என்ன பேசும்? அந்தக் குடும்பம் உடைந்துபோய்விட்டது என்று டீச்சரே முடிவுகட்டிவிடுவார்.

எழுந்து பின்பக்கம் போனார். ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்ட நிலத்தில் இப்போது வரிசையாக ரூம்கள். எல்லாம் தென்மாவட்டத்துக் கம்பெனிப் பையன்கள். கடைசி ரூமில் சண்முகசுந்தரம் இருந்தான். திருநெல்வேலிப் பக்கம். ஏறக்குறைய மகனின் வயது, மகனைப் போலவே மீசை. வாடகைக்கு வந்தவர்களில் எல்லப்பன் பார்த்தால் லுங்கியை இறக்கிவிடுகிற ஒரே பையன்.

விஷயத்தைக் கேட்டதும் சண்முகசுந்தரம் அதிர்ச்சி அடையவில்லை. அதுவே எல்லப்பனுக்குச் சற்று உறுத்தியது.

“அப்பாவா வரணும், அவ்ளதானய்யா? வாரேன். வசந்தண்ணன் கிட்ட சொல்லிட்டியளா?”

“அவனுக்கு எதுக்குடா? குடும்ப மானத்த நான் பாத்துக்கிறேன். பள்ளிக்கூடம் பக்கத்து ஊர்ல கீது. அங்க வர்றதெல்லாம் பொழைக்க வந்த ஜனம். உன்னையும் தெரியாது, அவனையும் தெரியாது.”

“சரி. அம்மாவுக்கு என்ன செய்விய?”

எல்லப்பன் அதை யோசிக்கவில்லை. அப்பா மட்டும் வந்தால் அம்மா எங்கே என்று கேட்பார்கள். பாதி மறைத்தால் முழுதாகத் தெரிந்துவிடும்.

சண்முகசுந்தரமே வழி சொன்னான். லேடீஸ் ஹாஸ்டலில் சுகப்பிரியா என்று ஒரு பெண் இருக்கிறாள், தூத்துக்குடிப் பக்கம், கூப்பிட்டால் வருவாள் என்றான். அவளை உனக்கு எப்படித் தெரியும் என்று எல்லப்பன் கேட்டார். ஊர்ப் பக்கம் என்றான். எந்த அளவுக்கு ஊர்ப் பக்கம் என்று கேட்டார். ஒரே ரயில் என்றான். எல்லப்பன் அதை மனதில் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வீடு காலியானதும், கலைமதிக்குப் பவுடர் போட்டு, குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்துப் பாடம் நடத்தினார். இன்றைக்கு மட்டும் சண்முகத்தை அப்பா என்று கூப்பிட வேண்டும்.

“அப்போ எங்க அப்பா?”

“அவரு இன்னிக்கு மட்டும் சித்தப்பா.”

கலைமதி ஐஸைச் சப்பியபடி அதை ஏற்றுக்கொண்டாள்.

பள்ளி வாசலில் சுகப்பிரியா காத்திருந்தாள். நல்ல பெண்தான், புடவை கட்டி வந்திருந்தாள். ஆனால் கழுத்தில் தாலி இல்லை. எல்லப்பனுக்கு வியர்த்தது. பொய்யாக ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டச் சொல்ல அவர் நாக்கு எழாது. அது சாமி குத்தம். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னார். மே மாத வெயிலில் அவள் மார்கழிக் குளிருக்கு வந்தவள்போல உள்ளே நுழைந்தாள்.

வகுப்பறையில் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் எழுந்து வந்தார். எல்லப்பன் மீசையை ஒதுக்கிவிட்டு, “எங்க மவன் வசந்தகுமாரு. மருமவ சசிரேகா. ஒண்ணாத்தான் வந்துகீறாங்க,” என்றார்.

டீச்சர் சண்முகசுந்தரத்தைப் பார்த்தார். சுகப்பிரியாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இவருதான் வசந்தகுமாரா?”

“ஆமா.”

“சரிங்க பெரியவரே. உக்காருங்க,” என்றார் டீச்சர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எல்லப்பனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் பெஞ்சு, இடம் கம்மி. தோளோடு தோள் இடித்தது. சண்முகசுந்தரம் ஏதோ முணுமுணுக்க, சுகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகாத பெண்ணைத் தன் பொறுப்பில் அழைத்துவந்து இப்படி உட்காரவிட்டால் அதுவும் மானக்கேடுதான். எல்லப்பன் எழுந்து போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் பேசத் தொடங்கினார். பிள்ளை தானாகச் சாப்பிடப் பழக வேண்டும், செருப்பைத் தானே மாட்டப் பழக வேண்டும், கையில் போனைக் கொடுத்துத் தூங்கவைக்கக்கூடாது. சொல்லிக்கொண்டே வந்தவர் அவர்களின் பெஞ்சருகே நின்றார்.

“தாத்தா ஏன் நடுவுல உக்காந்துட்டீங்க? வீட்டுல எதுனா மனஸ்தாபமா?”

எந்தச் சொல் வரக்கூடாதென்று இவ்வளவு பாடுபட்டாரோ அந்தச் சொல்லே வந்துவிட்டது. எல்லப்பன் துள்ளி எழுந்து ஓரத்துக்குப் போனார். “கிட்ட உக்காருடா,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சண்முகசுந்தரம் நகர்ந்தான். “அவ்ளோ கிட்டயா?” என்றார். மறுபடி நகர்ந்தான். முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களும் அப்படியொன்றும் யோக்கியமாகத் தெரியவில்லை. ஒருவன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், பிள்ளை பையனா பொண்ணா என்று காதோடு கேட்டுக்கொண்டிருந்தான். இன்னொருவன் சண்முகசுந்தரத்தைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“யாருடா அவன்?”

“எங்க லைன்ல வேல பாக்குற அண்ணாச்சிய்யா.”

என்ன குடும்பங்களோ என்று எல்லப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் எவனாவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவானோ என்ற பயம் கூடியது.

டீச்சர் இப்போது ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார். பிள்ளையைப் பற்றிப் பெற்றவர்களுக்கு என்ன தெரியும் என்று பார்க்கிறாராம்.

“கலைமதி எதுக்கு பயப்படுவா? அப்பா சொல்லுங்க.”

“எம் புள்ளைக்கு பயமே கெடையாது டீச்சர். தாத்தாவ கண்டா மட்டுந்தான் நடுங்குவா,” என்றான் சண்முகசுந்தரம்.

“அம்மா?”

“கரப்பான்பூச்சி,” என்றாள் சுகப்பிரியா.

டீச்சர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு எல்லப்பனைப் பார்த்தார். எல்லப்பனுக்கும் விடை தெரியவில்லை. அந்த வாயை வைத்து இத்தனை நாள் காபி கேட்டாரே தவிர, அதனிடம் ஒன்றும் கேட்டதில்லை.

கலைமதியே எழுந்தாள். “நான் தாத்தாக்குலாம் பயப்பட மாட்டேன் டீச்சர். தாத்தாதான் எங்க அம்மாக்கு பயப்படும். பேசவே பேசாது.”

வகுப்பு சிரித்தது. டீச்சர் குனிந்து, “இவரு யாரு பாப்பா?” என்று சண்முகசுந்தரத்தைக் காட்டினார்.

கலைமதிக்குப் பாடம் நினைவிருந்தது. “அப்பா,” என்றாள். பிறகு உண்மையும் கெடக்கூடாதென்று நினைத்தாளோ என்னவோ, “எங்க வூட்ல வாடகைக்கு கீற அப்பா,” என்றாள்.

எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டார். நாலு தலைமுறை அவருக்குள் சரிந்து விழுந்தது. மாட்டிக்கொண்டோம், இனி இந்த டீச்சர் வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும் என்று காத்திருந்தார்.

டீச்சர் எதையும் போட்டு உடைக்கவில்லை. “ரொம்ப நல்லது,” என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

எல்லப்பனால் நம்பவே முடியவில்லை. குழந்தை உளறுகிறது என்று விட்டுவிட்டார் போலும். படித்தவர்களை ஏமாற்றுவது இத்தனை சுலபமா? கூட்டம் முடியும்வரை நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மகனும் மருமகளும் கைவிட்ட குடும்ப மானத்தை இந்த வயதில் ஒற்றை ஆளாகக் கரைசேர்த்துவிட்டார்.

வெளியே மரத்தடியில் பள்ளி ஆயா பாஞ்சாலி சுண்டலும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தாள். சண்முகசுந்தரமும் சுகப்பிரியாவும் கலைமதியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கித் தூக்கி நடத்திக்கொண்டு கேட்டை நோக்கிப் போனார்கள். பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

எல்லப்பன் டீயை வாங்கிக்கொண்டார். யாரிடமாவது சொல்லாவிட்டால் ஆறாது போலிருந்தது.

“பாத்தியாம்மா, எங்க மவனும் மருமவளும். எவ்ளோ வேல இருந்தாலும் புள்ள விஷயம்னா ஒண்ணாத்தான் வந்து நிப்பாங்க. எங்க வூட்டு வழக்கம் அப்டி,” என்றார்.

பாஞ்சாலி சுண்டல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னிக்கு வந்ததுல ஒரு ஜோடிகூட நெசம் இல்ல பெரியவரே, எல்லாம் ஆஸ்டல் புள்ளைங்க, நெசமா அப்பனும் ஆத்தாளும் ஒண்ணா வந்து உக்காந்து கேட்டுட்டு போனது உங்க மவனும் மருமவளும் மட்டுந்தான், நேத்து சாயந்தரம், அவரு வாசல்லயே பூ வாங்கி குடுத்து இட்டுகினு வந்தாரு, குடும்பம்னா அது குடும்பம்னு டீச்சரம்மா காலையில இருந்து எல்லாருக்கும் சொல்லிகினே இருந்தாங்க, நீங்க இவங்கள இட்டுகினு வர்ற வரைக்கும்.”