சிவப்பு படாத இடம்

இனி என் ஆராய்ச்சியைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன். வெள்ளம் புகுந்து வடிந்த பிறகு வாசலைப் பூட்டுவது போன்ற சபதம்.

நான் மனவியல் பேராசிரியன். இளைஞர்கள் கவர்ச்சிப் படங்களை எப்படிப் பார்க்கிறார்கள், எப்படி எடைபோடுகிறார்கள் என்பது ஆராய்ச்சி. திரையில் படம் வரும். கண் போன இடமெல்லாம் ஒரு கருவி சிவப்புப் புள்ளி வைக்கும். பிறகு, "அழகா, ஆபாசமா?" என்று கேட்போம்.

"வயசுப் பசங்களை உக்கார வெச்சு இந்த மாதிரி படம் காட்டுறீங்க. அதுக்குச் சம்பளம் வேற!" என்றாள் மனைவி.

"அறிவியல்மா இது."

"அறிவியல் என்ன சொல்லுதாம்?"

கல்யாணமானதிலிருந்து என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. உருகினேன். உளறினேன்.

"துணிஞ்சவன் 'அழகு சார்'னுட்டுப் போயிடுவான். கூச்சக்காரன் இருக்கானே, 'சீ, ஆபாசம், நான் பார்க்கவே இல்ல'ம்பான். பூந்தொட்டி, திரைச்சீலை, கதவுக் கைப்பிடி எல்லாத்துலயும் சிவப்பு இருக்கும். அந்த இடம் மட்டும் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும்."

"பாவம், நிஜமாவே பார்க்கலையோ என்னவோ?"

"அட அசடே! அங்க என்ன இருக்குன்னு தெரியாதவன் எப்படி அதை மட்டும் அவ்ளோ கச்சிதமா ஒதுக்குவான்?"

"அடேயப்பா, என்னா மூளை உங்களுக்கு!"

அந்தப் பாராட்டிலேயே உஷாராகியிருக்க வேண்டும். விதி விடவில்லை.

எங்கள் வீட்டில் விடுமுறை நாளில் பாத்திரம் தேய்ப்பது என் முறை. "அடடா, கவனிக்கலையே!" என்ற ஒரே வசனத்தில் இத்தனை வருடமும் தப்பித்து வந்திருக்கிறேன். எனக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான்.

ஞாயிறன்று சரிபார்க்கக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"என் படம் ஒண்ணு போட்டுப் பாருங்களேன்" என்று குழைந்தாள்.

போட்டேன். சமையலறை. நடுவில் அவள், சிரித்தபடி. ஓரத்தில் தொட்டி. அதில் மலையாய்ப் பாத்திரம்.

வசனத்துக்கே வேட்டு! கண்ணே, தொட்டிப் பக்கம் போய்விடாதே என்று கெஞ்சினேன். அவள் முகம், காது, மின்விசிறி, நாள்காட்டி, எண்ணெய்ப் புட்டி என்று ஊரெல்லாம் சுற்றினேன். வியர்த்துவிட்டது.

முடிவு வந்தது. தொட்டியில் ஒரு புள்ளிகூட இல்லை!

"பார்த்தியா? பாத்திரம் என் கண்ணுல படறதே இல்லன்னு நான் சொன்னப்ப நம்புனியா? இப்ப மெஷினே சொல்லுது!"

அவள் திரையருகே குனிந்தாள். சுவரெல்லாம் அம்மை போட்டதுபோல் சிவப்பு. தொட்டி மட்டும் துடைத்து விட்டதுபோல் பளிச்சென்று இருந்தது.

"என்னா கச்சிதம்! அதே கச்சிதத்தோட தேய்ச்சுடுங்க" என்று தேங்காய் நாரை என் கையில் வைத்தாள்.