நெட்டை குனிந்த வாரம்

இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் இடப்பக்கத்தில், சணல் கயிற்றைக் கட்டி யாரோ சுண்டி இழுத்தது போல ஒரு பிடிப்பு. பயிற்சி மருத்துவன் நெட்டை குனிந்தபடியே நின்றான். நிமிரப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. மறுபடி குனிந்துகொண்டான்.

கட்டிலில் கிடந்த பஸ் டிரைவர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "என்ன டாக்டர், ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"இல்ல."

"என்னைத் தூக்கினீங்களே, அதுலயா?"

"பேசாம படுங்க."

அதில்தான். டிரைவருக்குக் கனத்த உடம்பு, வீங்கிய கால்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுக்காமல் நெட்டையே தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டான். அவன் அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அந்த முதுகு தனக்கும் வந்திருக்கும் என்று நம்பியதுதான் கோளாறு.

உடன் பயிற்சியில் இருந்த கண்ணாடி ஓடி வந்தாள். தடித்த கண்ணாடி போட்டவள் என்பதால் அந்தப் பெயர்.

"டேய், பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டாரு. பேசாம லீவு சொல்லிட்டுப் போய்ப் படு."

"வெள்ளிக்கிழமை பண்பு மார்க்கை வச்சுக்கிட்டு லீவா? உடம்பு முடியலைன்னு ஒரு டாக்டர் சொன்னா அது பண்பா?"

"முதுகு ஒடிஞ்சு நிக்கிறது மட்டும் பண்பா? அவர் முன்னாடி கொட்டாவி விடாம இருந்தா போதும்டா. மத்ததெல்லாம் பரீட்சையில எழுதுறது."

அவளுக்கென்ன, போன தடவையே தேறிவிட்டாள். ஊசி போடத் தெரிந்தாலும் தையல் போடத் தெரிந்தாலும், 'மருத்துவப் பண்பு' மதிப்பெண் இல்லாமல் பயிற்சி முடியாது. கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு விறைத்து நின்ற நெட்டையைப் பார்த்து, "நோயாளி பக்கத்துல விளக்குக் கம்பம் மாதிரி நிக்கிறே" என்று பெரிய டாக்டர் அப்போது சுழி போட்டுவிட்டார். இந்த முறையும் போனால் இன்னும் ஆறு மாதம். அப்பாவுக்கும் இன்னும் ஆறு மாதம் மூட்டை. மகன் டாக்டரான மறுநாள் தோள்துண்டைக் கழற்றி வீசப் போவதாக அவர் சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பெரிய டாக்டரின் பணிவு ஊரறிந்தது. நோயாளியிடம் குனிவார். தரை துடைக்கிறவரிடம் குனிவார். நடக்கும்போதும் குனிந்தே நடப்பார். பணிவு முற்றி உடம்பே வளைந்துவிட்டது என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள்.

அவர் உள்ளே வந்தபோது நெட்டையின் முகம் டிரைவரின் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது. வேறு எங்கும் கொண்டுபோக முடியவில்லை. இவ்வளவு பக்கத்தில் ஒரு காது கிடைத்ததும் டிரைவர் மெல்ல அவிழ்த்துவிட்டார்.

"ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. அந்த நீர் மாத்திரையை நான் போடுறதே இல்ல. போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. பஸ் நிறைய ஆளை வச்சுக்கிட்டு எங்க நிறுத்துறது?"

கால் வீக்கம் ஏன் வடியவில்லை என்று, அவர் வந்துபோன ஒரு மாதமாக எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நெட்டை அவரைச் சம்மதிக்க வைத்து, பெரிய டாக்டரிடம் சொன்னான். வண்டி ஓட்டி முடித்தபின் மாத்திரை போடும்படி நேரத்தை மாற்றினார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் பெரிய டாக்டர் மற்றவர்களிடம். "எல்லாரும் நின்னுகிட்டே கேட்டீங்க. இவன் குனிஞ்சு கேட்டான்."

நெட்டைக்கு வலியோடு பெருமையும் சேர்ந்து வியர்த்தது.

மறுநாள் கண்ணாடி ஒரு தைலம் கொண்டுவந்து தேய்த்தாள். முதுகு எரிந்ததே தவிர இளகவில்லை. ஆனால் நெடி வார்டையே தூக்கியது. அவன் குனிந்த கட்டிலில் எல்லாம் நோயாளிக்கும் கண்ணீர், அவனுக்கும் கண்ணீர். வாசலில் நின்று பார்த்த பெரிய டாக்டர், "நோயாளிக்காக அழுற டாக்டரை இப்பதான் பாக்கிறேன்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டான். மூச்சு விட இடமில்லாமல் இறுகிவிட்டது. ஒரு வார்த்தை பேசி, நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த வார்த்தை பேசினான். "என்ன நிதானம்" என்றார் பெரிய டாக்டர்.

அவ்வளவுதான், பண்பு மதிப்பெண் பாக்கியிருந்த அத்தனை பேரும் குனியத் தொடங்கினார்கள்.

"எல்லாருமா சேந்து எதைத் தொலைச்சீங்க?" என்றாள் வார்டு சிஸ்டர். "சொன்னா நானும் தேடுறேன்."

வியாழக்கிழமை வலி பொறுக்க முடியாமல் நெட்டை பிசியோதெரபி அறைக்குப் போனான். அங்கே இருந்தவர் ஓய்வு பெறப் போகிறவர். பெரிய டாக்டர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'அக்கா'. குப்புறப் படுக்க வைத்து, முழங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். நெட்டை போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த ஒருவர் எழுந்து போய்விட்டார்.

பிறகு எழுந்தான். நிமிர்ந்தான். நேராக நின்றான்.

"நாளைக்கு வந்து இந்தச் சுவத்துல முதுகை ஒட்டி நின்னு காட்டிட்டுப் போகணும்" என்றார் அக்கா. "அதுதான் என் கூலி. ஏமாத்தக் கூடாது."

நெட்டை பறப்பது போல வெளியே வந்தான். எதிரே பெரிய டாக்டர். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது.

"என்ன, விளக்குக் கம்பத்தைத் திரும்ப நட்டாச்சா?"

நெட்டை சட்டென்று குனிந்தான். "பேனா விழுந்துடுச்சு சார்."

அவர் கண்ணைவிட்டு மறைகிறவரை விழாத பேனாவைத் தேடிவிட்டு, அறைக்குள் திரும்ப ஓடினான்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மட்டும் திரும்பப் பிடிக்க வச்சிடுங்க."

"உங்களுக்கெல்லாம் இதே பொழப்பா போச்சு" என்று அவர் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டரின் அறை வாசலில் நிற்கும்போது அப்பா போன் செய்தார். பின்னால் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சத்தம்.

"இன்னிக்குத்தானே கையெழுத்து? நல்லா நிமிந்து நின்னு வாங்குடா. குனியத்தான் நான் இருக்கேனே."

நெட்டை குனிந்தபடி உள்ளே போனான். பெரிய டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். கையெழுத்துக்கு விரலளவுதான் பாக்கி.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அந்த டிரைவர்கிட்ட குனியணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

நெட்டை வாயைத் திறந்தான். பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. லாரிச் சத்தம் காதில் அப்படியே இருந்தது. மெல்ல நிமிர்ந்தான்.

"தோணலை சார். அவரைத் தூக்கினப்போ முதுகு பிடிச்சுக்கிச்சு. தைலத்துல கண்ணு எரிஞ்சுது. பட்டையில மூச்சு முட்டுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

ஆறு மாதம் போயிற்று என்று நினைத்தான். பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கதவைச் சாத்து."

சாத்தினான்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"கண்ணாடிக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரியும். அப்புறம் பிசியோதெரபி அக்கா."

பெரிய டாக்டரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "அக்கா வேற ஏதாவது சொன்னாங்களா?"

"எதைப் பத்தி சார்?"

"ஒண்ணுமில்ல." மளமளவென்று எழுதினார். முழு மதிப்பெண், கையெழுத்து. "உண்மையைச் சொன்னே பாரு, அதுக்கு. போ. இதை இதோட விட்டுடு."

நெட்டைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பாவுக்குப் போன் செய்து துண்டை வீசச் சொல்லிவிட்டு, நேரே பிசியோதெரபி அறைக்குப் போனான். சுவரில் முதுகை ஒட்டி நின்றான். அக்கா தலையிலிருந்து குதிகால் வரை பார்த்துவிட்டு, "உன் கணக்கு தீந்துச்சு" என்றார்.

"உண்மையைச் சொன்னேன் அக்கா. திட்டுவார்னு பாத்தா, அவருக்கு வியர்த்துடுச்சு. ஏன்?"

அக்கா துண்டை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்:

"நான் வேலைக்குச் சேந்த புதுசுல அவரும் உன்னை மாதிரி பயிற்சியில இருந்தாரு, இதே பிடிப்பு, ஒரே அழுத்துல எடுத்து விட்டேன், 'பணிவுக்குன்னு பரிசு தர்றாங்க அக்கா, வாங்கிட்டு வந்து நிமிந்து காட்டுறேன்'னு போனவரு இன்னும் வரலை, ஒரு முதுகு எனக்குப் பாக்கி."