தெருவே மிதித்த பிரேக்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. கூடுதலாக இருக்கிற மூன்றும், சின்ன வயதிலேயே கண்மூடிப் போன என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனவை. அத்தனை பிள்ளைகளையும் இந்த இரண்டு காலில் போட்டுத்தான் குளிப்பாட்டினேன். அதனால் என் காலைப் பற்றி நான் கொஞ்சம் பெருமை பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது காலைப் பற்றிப் பேசியே தீர வேண்டிய கதை.

தென்காசி முழுக்கச் சலித்துப் பார்த்தாலும் சரி, வாசுதேவநல்லூர் வரைக்கும் போய் விசாரித்தாலும் சரி, மிதி அண்ணாச்சியைப் போல இன்னொரு ஆள் அகப்பட மாட்டார். எங்கள் தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் அவர் காரில் பிரேக் மிதிக்காத கால் ஒன்றுகூடக் கிடையாது. பால்காரர் மிதித்திருக்கிறார். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர் மிதித்திருக்கிறார். பெண் பார்க்க வந்து வீடு தெரியாமல் முழித்த ஒரு மாப்பிள்ளைகூடப் பட்டு வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மிதித்துவிட்டுத்தான் போய்ப் பெண்ணைப் பார்த்தார். 'மிதி, மிதி' என்று அவர் போட்ட சத்தத்தில் அவருடைய சொந்தப் பெயர் தெருவுக்கே மறந்துபோய்விட்டது.

போலீஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஜீப்பில் கிரீச் என்று ஒரு சத்தம் கேட்டாலும் ஒர்க்‌ஷாப்பில் கொண்டு விட்டுவிட்டு டீ குடிக்கப் போன மனிதர்தான். ரிட்டயர் ஆன மறுமாதமே அவருக்குள் ஒரு மெக்கானிக் பிறந்துவிட்டான். எட்டுப் பேர் உட்காருகிற, யானைக்குட்டி போல ஒரு பழைய வண்டியை வாங்கி வந்து வேப்ப மரத்தடியில் நிறுத்தினார். மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும், இனிமேல் என்னால் எண்ண முடியாது என்று அதன் மீட்டரே கையை விரித்துவிட்டதாம்.

வண்டியை வேறு எந்த மெக்கானிக்கிடமும் காட்ட மாட்டார். "வேத்து மனுசன் கைபட்டா வண்டி மனசு விட்டுரும் மைனி" என்பார். என்னை மைனி என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு நான் அண்ணி முறை, பக்கத்து வீட்டு முறை.

ரேடியேட்டர் ஒழுகினால் அதில் மஞ்சள்பொடியைக் கொட்டுவார். பொடி போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்பது அவருடைய கணக்கு. அடைக்கவும் செய்தது. ஆனால் மேட்டில் ஏறும்போதெல்லாம் வண்டியின் முன்பக்கத்திலிருந்து சாம்பார் வாசனை வரும். ஒரு தடவை எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனபோது பின்னாலேயே வந்த வெளியூர்க்காரர்கள் ஓரங்கட்டி நிறுத்தி, சாப்பாடு என்ன விலை என்று கேட்டார்கள்.

அதே பயணத்தில்தான் குரங்கு கதையும் நடந்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி நிற்காமல் கீழே இறங்கிவிடும் என்பதற்காக அதற்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கி ஆப்பு வைத்திருந்தார். நாங்கள் அருவியில் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு குரங்கு அந்த ஆப்பை அசைத்து அசைத்து உருவிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. ஆப்பசைத்த குரங்கு என்று நான் பழமொழியில் கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். பழமொழியில் குரங்குக்குத்தான் சேதம். இங்கே எங்களுக்கு. கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டது. அது சாரல் காலம். தென்காசி வந்து சேரும்வரை காருக்குள்ளே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "அருவில ரெண்டு நிமிசம்தான் நிக்க விட்டாங்க, வண்டியில வீடு வரைக்கும் குளிச்சிட்டே வந்தோம்லா" என்று அவர் அதற்கும் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். பிரேக்குக்குள் எண்ணெய் ஓடுகிறது. அந்தக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் பிரேக் பிடிக்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகைத் திறக்க வேண்டும். காற்று புஸ்ஸென்று வந்ததும் திருகை மூடிவிட்டு, 'விடு' என்று சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்கு முன்னால் காலை எடுத்துவிட்டால் போயிற்று, போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். நாலு சக்கரத்துக்கும் இதே பாடு. அந்த வண்டிக்கு மாதம் ஒரு தடவையாவது இது தேவைப்பட்டது.

மேலே உட்காருவது அவருடைய மனைவி செண்பகம். டிரைவர் சீட்டில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து மடியில் அவரைக்காய் நறுக்குவாள். கீழேயிருந்து "மிதி" என்று சத்தம் வரும். இவள் ஒரு காலை நீட்டி மிதித்துவிட்டு, "மிதிச்சாச்சு" என்று ராகமாகச் சொல்லுவாள். "விடு" என்றால் விடுவாள். தெருவே கேட்கும். "இதுல நான் மிதிச்ச மிதிய தையல் மெஷின்ல மிதிச்சிருந்தா பஸ்ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையே வச்சிருப்பேன்க்கா" என்று என்னிடம் சொல்லுவாள். சொல்லிவிட்டு மறுபடியும் மிதிக்கப் போவாள்.

செண்பகம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வண்டி பல மாதம் வேப்பம் பழத்தை வாங்கிக்கொண்டு சும்மா நின்றது.

ஒருநாள் காலையில் கார் ஹாரன் நிற்காமல் அலறியது. ஓடிப் பார்த்தால், அண்ணாச்சி தனியாகவே பிரேக் வேலை பார்க்கக் கிளம்பியிருக்கிறார். பிரேக்கை அமுக்கிப் பிடிக்க ஒரு கட்டையைக் கொடுத்து, கட்டை நழுவாமல் இருக்க ஆட்டுரல் குழவியை அண்டக் கொடுத்திருக்கிறார். கட்டை எழும்பி ஹாரனில் போய் உட்கார்ந்துகொண்டது. குழவி வெளியே உருண்டு கீழே கிடந்தவர் மேல் விழாதது செண்பகம் செய்த புண்ணியம்.

"தம்பி, ஒமக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு வார்த்தை கூப்பிட்டா நான் வர மாட்டனா?" என்றேன்.

ஸ்டூல் போட்டு ஏறி உட்கார்ந்தேன். காரில் முன் சீட்டில் உட்கார்ந்ததே எனக்கு அதுதான் முதல் தடவை. என் கால் பட்டதும் அண்ணாச்சி கீழேயிருந்து, "யம்மா, இது காலா ஜாக்கியா மைனி" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் ஊரில் இல்லாத நாளில் தெருவில் போகிறவர் வருகிறவர்களைப் பிடிக்க ஆரம்பித்தார். அப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மிதித்ததும், "மிதிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். பார்சல் கொண்டு வந்த பையன் "ஓகே சார்" என்றான். கீழே ஒரு அசைவும் இல்லை. "மிதிச்சிட்டேன் சார்" என்றான். அதற்கும் இல்லை. பையன் பயந்துபோய், ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று குனிந்து பார்த்தால், "மிதிச்சாச்சுன்னு சொல்லுலே, அப்பதான் திறப்பேன்" என்கிறார். கிறுக்கு என்று தெரு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் நானும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். அது இன்னொருத்தியின் சொல். நான் "ம்" என்பேன். என்னிடம் மட்டும் அவர் அதற்குமேல் கேட்டதில்லை.

இந்த வருடம் வண்டிக்கு ஆயுள் முடிகிற சமயம் வந்தது. பழைய வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஓட்டலாம் என்று எழுதி வாங்கினால்தான் இனி ரோட்டில் இறக்க முடியும். இல்லையென்றால் காயலாங்கடைதான். கோயம்புத்தூரில் இருக்கிற அவர் மகள் மீனா லீவு போட்டு வந்துவிட்டாள். அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று அவளுக்கு உறக்கம் இல்லை. இந்த வண்டி இருக்கிறவரை அவர் தெருவை விட்டு அசைய மாட்டார் என்றும் அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு பேச்சுப் பேசிவிட்டாள். வண்டி பாஸானால் அவர் இங்கேயே இருந்துகொள்ளலாம். ஆகவில்லை என்றால் வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு அவளோடு வந்துவிட வேண்டும். அண்ணாச்சியும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளை பெற்றவளாக இருந்துகொண்டு நான் அதில் குறை சொல்ல முடியுமா. ஆனால் அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வண்டியைக் காட்ட வேண்டிய அன்று காலையில் கடைசியாக ஒரு தடவை பிரேக் பார்ப்பதாக ஏற்பாடு. இந்தச் சேதி எப்படியோ தெரு முழுக்கப் பரவிவிட்டது. தேர் அன்றைக்கு ஒவ்வொருவரும் வடத்தில் ஒரு கை வைத்தால்தான் திருப்தி அல்லவா. அதே போல, அண்ணாச்சி வண்டிக்கு ஆளுக்கொரு மிதி என்று வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். சுரண்டையிலிருந்து காய் கொண்டு வருகிற அம்மா கூடையை இறக்கிவிட்டு மிதித்தாள். பால்காரர் கும்பிட்டுவிட்டு மிதித்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தார்கள். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்த, முன்னால் இருப்பவர் மிதித்த சூட்டோடு இறங்கிவிட்டார். கீழே அண்ணாச்சி "விடு" என்று சொல்லவே இல்லை. திருகு திறந்தபடி கிடந்தது. தெரு முழுக்கப் பிரியமாக மிதித்து, தென்மலைக் காற்று அத்தனையையும் அந்தக் குழாய்க்குள் ஏற்றிவிட்டது.

அண்ணாச்சி வெளியே வந்து கையால் பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். தொபுக்கென்று தரையைத் தொட்டது. படியில் உட்கார்ந்து கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போதும் மைனி. மீனா கூடவே போயிருதேன்" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "எல்லாரும் அங்கன தள்ளி நில்லுங்க. பிரேக்கு என்ன கோயில் உண்டியலா, ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டுப் போறதுக்கு?" என்று விரட்டினேன். "தம்பி, நீரு எந்திரிச்சு வண்டிக்கு அடியில போம்" என்றேன். ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

அவர் மறுபடியும் அடியில் படுத்தார். "மிதிங்க மைனி" என்றார். மிதித்தேன். பஞ்சுப் பொதியை மிதித்தது போல இருந்தது. அவருக்குத் தெம்பு வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாயில் வந்துவிட்டது.

"மிதிச்சாச்சு."

வண்டியின் பக்கத்தில் நின்றிருந்த மீனா சட்டென்று திரும்பினாள். அந்தப் பிள்ளை படிப்பு, கல்யாணம் என்று போனவள். இந்த வார்த்தையை இந்த இடத்தில் கேட்டு எத்தனை காலமோ. ஒரு சக்கரம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. காலுக்குக் கீழே பஞ்சு கல்லாகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அவள் கதவைத் திறந்தாள்.

"பெரியம்மா, கொஞ்சம் இறங்குங்க. இது ஒண்ண நான் மிதிக்கேன்."

நான் இறங்கியதும் அவள் ஏறினாள். கீழே இருக்கிறவருக்கு ஆள் மாறியது தெரியாது. "மிதிங்க" என்றார். அவள் மிதித்தாள். "மிதிச்சாச்சு" என்றாள். அப்படியே செண்பகத்தின் குரல், அதே ராகம். கீழே ஸ்பேனர் சத்தம் நின்றுபோயிற்று. ரொம்ப நேரம் கழித்துத்தான் அவர், "விடும்மா" என்றார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நானும் போனேன். என் காலுக்கு அங்கே வேலை இருக்காது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் இளவட்டம், வெள்ளைச் சட்டை. அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேகமாக ஓட்டிப் போய் ஓங்கி மிதித்தார். வண்டி ஆணி அடித்தது போல நின்றது. வண்டிதான் நின்றது. அதில் இருந்த மற்றதெல்லாம் நிற்கவில்லை. முகம் பார்க்கிற கண்ணாடி கழன்று வந்தது. குடை பறந்து வந்தது. முன்பெட்டி வாயைப் பிளந்து, ரேடியேட்டருக்கு என்று வைத்திருந்த மஞ்சள்பொடி முழுக்க இன்ஸ்பெக்டர் சட்டையில் கொட்டியது. அவர் இறங்கி வந்தபோது முறைப்பெண் வீட்டில் மஞ்சள் தண்ணீர் வாங்கிய மாப்பிள்ளை போல இருந்தார்.

"பிரேக்கு நல்லா இருக்கு அண்ணாச்சி. வண்டியத்தான் காணோம்" என்றார்.

அண்ணாச்சி காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். மற்றதையெல்லாம் சரி பண்ணிக்கொண்டு வரச் சொன்னார். அண்ணாச்சி இரவு பகல் பார்க்காமல் சரி பண்ணினார். மீனா லீவை நீட்டித்துக்கொண்டு டார்ச் அடித்தாள். அடுத்த முறை போனபோது பாஸ் ஆகிவிட்டது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அவள் என்னிடம் வந்து, "அப்பா வரலையாம் பெரியம்மா. நானும் கூப்பிடல" என்றாள். "நான் ஒண்ணும் கேக்கலையே" என்றேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் நாளும் இல்லை, கிழமையும் இல்லை. இருந்தாலும் கூட்டாஞ்சோறு பொங்கினேன். ஒரு தூக்குச் சட்டி அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

ஏட்டி காவ்யா, ஆச்சி எழுதி முடிச்சிட்டேன். இந்தா, வாசிச்சுக் காட்டு, எங்கனயாவது தப்பு இருந்தா திருத்திருவோம். இப்படி முணுமுணுன்னு வாசிச்சா எப்படி. ஜன்னலத் திறந்து வச்சிட்டு, அந்த வேப்ப மரத்தடி வண்டி வரைக்கும் கேக்க மாதிரி வாசி.