கடலண்ணனின் கண்ணாடிப் பெட்டி

மாத்தளைக்குக் கடல் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் தெருக் கடலண்ணன்தான். சுற்றிவர மலை, இதில் கடலுக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டால், "வரவச்சிக்கலாம் தம்பி" என்பார். வரவும் வைத்தார். திருகோணமலை பஸ் கொண்டக்டரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, கேன் கேனாக.

தொழில், படங்களுக்குப் பிரேம் போடுவது. மகளை மன்னார்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகுதான் அவருக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. அங்கே கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்க ஊரில் ஒரு மெஷின் வைத்தார்களாம். கரண்ட் செலவு தாங்காமல் அது படுத்துவிட்டது. மாசமாக இருக்கும் பிள்ளை, தண்ணீர் பவுசர் வரும்வரை குடத்தோடு வரிசையில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்று அண்ணன் சோற்றில் கை வைக்கவில்லை. வெய்யிலுக்கு யாரும் பில் அனுப்புவதில்லையே என்று மறுநாளே கண்ணாடி வெட்ட ஆரம்பித்தார்.

விஷயம் லேசானதுதான். கறுப்புப் பூசிய தகரத் தட்டில் கடல் தண்ணீர், மேலே சரிவாகக் கண்ணாடி. வெய்யிலில் தண்ணீர் ஆவியாகிக் கண்ணாடியில் வியர்க்கும், ஓரமாக வழிந்து குழாய் வழியே போத்தலில் சொட்டும். உப்பு தட்டிலேயே தங்கிவிடும். எல்லாம் சரி, கண்ணாடி யாருடையது? காலமான என் மாமனாருடையது! படத்தைப் பிரேம் போடக் கொடுத்து மாதக்கணக்காயிற்று. போய்க் கேட்டால், "அவருக்கு என்ன தம்பி அவசரம், இனி எங்க போகப்போறாரு?" என்கிறார். இதை நான் என் மனைவியிடம் எந்த வாயால் சொல்வது?

எங்கள் ஊர் வெய்யிலோ, வந்த வேகத்தில் மழைக்கு இடம் விட்டுப் போய்விடும். அந்தக் கொஞ்ச நேர வெய்யிலுக்காக, நிழல் விழுகிறதென்று பக்கத்து வீட்டுப் பலா மரத்தோடெல்லாம் சண்டை பிடித்தார். தட்டில் மிஞ்சிய உப்பையும் வீணாக்கக் கூடாதென்று கறிக்குப் போடச் சொன்னார். அன்று அவர் வீட்டில் கக்கூசுக்கு வரிசை. அவர் மனைவி பேசிய பேச்சைப் பத்திரிகையில் எழுத முடியாது.

கூரைமேல் தகரம், குழாய், சொட்டுச் சொட்டாகத் தெளிந்த சரக்கு, பஸ்ஸில் வந்து இறங்கும் கேன்கள். கள்ளச் சாராயம், அதுதான் கசிப்பு, காய்ச்சுகிறார் என்று எவனோ பொலிசுக்குச் சொல்லிவிட்டான். சார்ஜன்ட் வந்து போத்தலை மோந்து பார்த்தார். வாசமே இல்லை, அது அவர் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மிடறு. "மே வத்துரனே" என்றார் சிங்களத்தில். இது வெறும் தண்ணியாச்சே என்று, ஏமாந்துபோன குரலில். தன்னைப் பிடிக்க வந்தவரின் கையைக் கடலண்ணன் பிடித்துக்கொண்டார். "தண்ணிதாங்க சேர். இத நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

அந்த வாரமே பெட்டி லொறியில் ஏறியது. தூக்கி இறக்க ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார். மன்னாரில் இறங்கியவர், ஓடி வந்த மகளைக்கூடக் கவனிக்காமல், வீட்டுக்குப் பின்னால் விரிந்து கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கல்யாணம் மாத்தளையில் நடந்ததால் சம்பந்தி வீட்டுப் பக்கம் அவர் வந்ததே இல்லை. மனிதர் கடலைக் கண்ணால் பார்ப்பதே அன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இவ்வளவு தண்ணிய பக்கத்துல வச்சிக்கிட்டா எம்புள்ள கொடத்தோட வரிசையில நின்னுச்சு?" என்றார்.

மன்னார் வெய்யில் எங்கள் ஊர் வெய்யிலா என்ன? சாயங்காலத்துக்குள் போத்தல் நிறைந்துவிட்டது. மகள் ஒரு டம்ளர் குடித்தாள். அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ருசியும் இல்லையேப்பா" என்றாள். பிறகு வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் டம்ளரை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அவர் ஊற்றி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அந்தக் கிறுக்கு மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இந்த வயதில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னால், எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.