மஞ்சள் தடவிய ஓடர்

கண்டி,
சனிக்கிழமை.

தெல்தோட்டையில் கடையையும் என் தங்கையையும் ஒருசேரச் சமாளித்துவரும் மதிப்புக்குரிய மச்சான் வீரய்யா அவர்களுக்கு,

இவ்விடம் நான் சுகம், மழையும் சுகம். நேற்றுப் பகல் ஒரு மெஷினை உளவு பார்க்க ஒப்பீஸ் அலுமாரிக்குள் ஒளிந்தேன். உள்ளே போன வயிறு வெளியே வர மறுத்துவிட்டது. பக்கத்து மேசை அனீஸாதான் கதவைக் கழற்றினாள். "அண்ணே, உங்கள எந்த ஃபைல்ல அடுக்கியிருக்கு?" என்று வேறு கேட்டாள். தங்கையிடம் சொல்லவேண்டாம், தெல்தோட்டை முழுக்கத் தெரிந்துவிடும்.

தேயிலைத் தோட்டங்களுக்குக் கொழுந்துக் கூடை விற்கும் எங்கள் கடையில், வரும் கடுதாசிகளைப் படித்துப் பிரித்து அடுக்குவது இருபத்திரண்டு வருஷமாக என் வேலை அல்லவா? இந்த மாதத் தொடக்கத்தில் முதலாளி அதற்கு ஒரு மெஷின் வாங்கிவிட்டார். இது கூடை கேட்கும் ஓடர், இது முறைப்பாடு, இது கல்யாண அழைப்பிதழ் என்று தானே பிரித்து அவருடைய போனுக்கு அனுப்பிவிடுமாம். "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம் கிருஷ்ணராஜ். ஒழுங்கா செஞ்சா ஒங்களுக்கும் ஓய்வுதானே" என்றார். எனக்கு ஓய்வு வேண்டுமென்று யார் சொன்னது? அந்த மெஷின்தான் சொல்லியிருக்க வேண்டும். வந்த நாள் முதல் அதன் பார்வையே சரியில்லை. நான் தேத்தண்ணி குடித்தால் பச்சை லைட், கண்ணயர்ந்தால் சிவப்பு லைட். இது சரியா, அது சரியா என்று ஓயாத கேள்வி வேறு. என் தொழிலைக் கறக்கப் பார்க்கிறது! நான் ஒரு சொல்லுக்கு மேல் பதில் கொடுப்பதில்லை.

ஆனாலும் புது மெஷின் ஆச்சே, முதல் வெள்ளிக்கிழமை போட்ட கடுதாசிகளுக்கெல்லாம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் போட்டேன். 'பதினான்காம் திகதி காலை பத்து மணிக்குள் நாற்பது கூடை' என்று ஹுன்னஸ்கிரிய தோட்டத்திலிருந்து வந்த ஓடரும் அதற்குள் இருந்தது. அந்தப் பாவி அதைக் கல்யாணம் என்று போட்டுவிட்டது மச்சான்! முதலாளி பட்டு வேட்டி, முதலாளியம்மா பட்டுச் சேலை, மடியில் குத்துவிளக்குப் பார்சல், மலை ஏறித் தேயிலை பெக்டரி வாசலில் போய் இறங்கியிருக்கிறார்கள். தோட்டத்துக் கிளாக்கர் அவர்கள் வந்த வான் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "கூடை எங்கங்க?" என்றாராம். முதலாளியம்மா, "பொண்ணு எங்கங்க?" என்றாராம்.

திரும்பி வந்த முதலாளி குத்துவிளக்கை என் மேசையில் வைத்து, "யாரு பாத்த வேலை இது?" என்றார். நான் மெஷினைக் காட்டினேன். "மஞ்சளக் கண்டதும் கல்யாணம்னு நெனைக்க இது என்னங்க, தரகரா?"

"திங்கக்கெழம மெஷின்காரர் வந்து பாக்கட்டும். பிழை அதுலன்னா திருப்பிக் குடுத்துருவோம். இல்லாட்டி..." என்று என்னைப் பார்த்தார். அதனால்தான் அலுமாரிக்குள் போனேன். கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டாமா?

எதற்கும் உங்கள் கடையில் நான் உட்கார ஒரு கதிரை பார்த்து வைக்கவும். தங்கைக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்குப் பொறுமை.

இப்படிக்கு,
கிருஷ்ணராஜ்

பி.கு: இதைத் தபாலில் போட மறந்து பைக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்று திங்கட்கிழமை. மெஷின்காரர் ருஷ்தி மடவளையிலிருந்து வந்து பார்த்தார். சந்தேகமான கடுதாசி என்றால் அது கேள்வி கேட்டு, பதிலையும் குறித்து வைக்குமாம். ஹுன்னஸ்கிரிய கடுதாசிக்கு மூன்று தரம் கேட்டிருக்கிறது: 'ஓடர் போல் தெரிகிறது. கல்யாண அழைப்பிதழ்தானா?' மூன்று தரமும் 'ஆம்'. அழுத்தியவர், கிருஷ்ணராஜ்.

கதிரை கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் மச்சான்.