மாப்பிள்ளை மாற்றிய ஷெல்லும் மூவாயிரம் ரொட்டி லேபிளும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியாரும் சுகம். நீங்களும் என் மகளும் சுகம் என்றே நம்புகிறேன். சுகமில்லாமல் கிடப்பது எங்கள் பேக்கரி கம்ப்யூட்டர் மட்டும்தான்.

போன ஞாயிறு நீங்கள் பேக்கரிக்கு வந்து, "மாமா, இந்த ஷெல் ரொம்பப் பழசு. புதுசு போட்டுத் தரேன், பறக்கும் பாருங்க" என்றீர்கள். நாம் அடிக்கும் கட்டளையை மெஷினுக்கு எடுத்துச் சொல்வதுதானே ஷெல், யார் சொன்னால் என்ன என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன். பறக்கத்தான் செய்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ரொட்டி லேபிள் அடிக்க நான் பத்தொன்பது வருஷத்துக்கு முன் எழுதிய கட்டளைப் பட்டியல், அதாவது ஸ்கிரிப்ட் இருக்கிறதே, அதில் எக்கோ என்று ஒரு கட்டளை வரும். கொடுத்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பும். ஷெல்லுக்குள்ளேயே குடியிருக்கும் கட்டளை அது. பக்கத்தில் "-e" என்று போட்டால், வரி பிரித்துப் போடச் சொல்கிறார் என்று பழைய ஷெல் காதில் வாங்கிக்கொண்டு கம்மென்று இருக்கும். உங்கள் புது ஷெல்லோ அதையும் சேர்த்து அச்சடித்துவிட்டது! திங்கள் காலை மூவாயிரம் லேபிள், ஒவ்வொன்றின் தலையிலும் "-e கோதுமை ரொட்டி". சரி, அந்த "-e"யை எடுத்துவிடலாம் என்று எடுத்தேன். இங்கே சரியாகிவிட்டது; புது ஷெல் சொல்லாமலேயே வரி பிரித்துவிடுகிறது. அதே ஸ்கிரிப்டை ஓட்டும் கிளைக் கடையில் பழைய ஷெல் அல்லவா, அங்கே பெயர், எடை, தேதி எல்லாம் ஒரே வரியில் ஓடி லேபிளுக்கு வெளியே போய்விட்டது. திரும்பப் போட்டேன். அங்கே சரி, இங்கே மறுபடி "-e". மூணு நாளா இதே கூத்துதான் மாப்பிள்ளை, சோறு இறங்கலை.

முதலாளியம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா கடையில விக்கிற சாப்ட்வேரை வாங்கிப் போட்டுடறேன். நீங்க மாவு நிறுக்கப் போயிடுங்க." என் ஸ்கிரிப்டைத் தூக்கிவிடுவார்களாம். மகளுக்கு அடுத்தபடி நான் வளர்த்தது அது ஒன்றுதான். வீட்டில் வாய் திறக்க முடியவில்லை. "மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொன்னீங்க, தெரியும் சேதி" என்கிறாள் உங்கள் மாமியார். நான் எங்கே சொன்னேன்? ஷெல்லைத்தான் சொல்கிறேன். தயவுசெய்து வெள்ளிக்கிழமையே வந்து பழைய ஷெல்லைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், எந்த மெஷினிலும் கை வைக்காமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மீது கோபமே இல்லாத மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது முதலாளியம்மா ஓடி வந்தார். இரண்டு நாளாக வாடிக்கையாளர்கள் "அந்தக் கோடும் ஈ-யும் போட்ட ரொட்டியே குடுங்க, அதுதான் மெத்துனு இருக்கு" என்று கேட்டு வாங்குகிறார்களாம். அதே மாவு, அதே அடுப்பு! கிளைக் கடை லேபிளிலும் அது உடனே வர வேண்டுமாம். ஆகவே வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள், அங்கேயும் புது ஷெல் போட வேண்டும். யார் யோசனை என்று கேட்டார். என்னுடையது என்று சொல்லிவிட்டேன். வரும்போது காட்டிக்கொடுத்துவிடாதீர்கள், மாப்பிள்ளை.